கிணத்தடி மோட்டர் ஏன் எரிகிறது? வோல்ட், அம்பியரை வைத்துத் தடையும் வலுவும் கணக்கிடும் வழி

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வளவின் பின்கோடியில்தான் கிணறு. வீட்டு மெயின் சுவிட்சிலிருந்து வயர் போகும் பாதையை அளந்தால் 60 மீற்றர். கொழும்பிலிருந்து வந்து குடியேறிய நான்கு மாதத்துக்குள் அந்த ஒரு குதிரைவலு மோட்டர் இரண்டு தரம் எரிந்தது. முதல் தரம் வந்த எலக்ரீசியன் கிணத்தடியில் மீற்றரை வைத்துப் பார்த்து, "229 வோல்ட் வருது, கரண்டில பிழை இல்லை, மோட்டர்தான் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தரம் மோட்டரைச் சுற்றித் தந்த வயதான மெக்கானிக் மட்டும், "தம்பி, மோட்டர் ஓடேக்கை வோல்ட் எவ்வளவு எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. பார்த்தபோதுதான் விஷயம் முழுக்க விளங்கியது.

பத்தாம், பதினோராம் வகுப்பில் படித்த அதே கணக்குத்தான் இது. கிணத்தடி தூரமாக இருக்கிற எந்த வீட்டுக்கும் பொருந்தும். புதிதாக வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டுக்குக் குடிவருகிறவர்களும் மோட்டர் வாங்க முதல் இதை ஒருக்காச் செய்து பாருங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கொப்பி எடுங்கள். அதில் எழுத வேண்டியவை இவை: மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள குதிரைவலு, வோல்ட், அம்பியர், கேத்தலின் அடியில் போட்டிருக்கும் வாட், மெயின் சுவிட்சிலிருந்து கிணத்தடிவரை வயர் போகும் பாதையின் நீளம், வயரின் பருமன். மின்சார மீற்றரின் முகப்பை ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைசி மூன்று மாத பில்லையும் தேடி எடுங்கள். கணக்கு இலக்கம் பின்னால் தேவைப்படும்.

மோட்டரின் பெயர்த்தகட்டை இப்போதே படம் எடுத்துவிடுவது நல்லது. கிணத்தடி ஈரத்தில் இரண்டு மழைக்காலம் போனால் எழுத்து அழிந்துவிடும்.

கருவிகள் இரண்டு. வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீற்றர், ஓட்டம் (அம்பியர்) பார்க்க, வயரை வெட்டாமல் கவ்வி அளக்கும் ஒரு கிளாம்ப் மீற்றர். கிளாம்ப் மீற்றரிலேயே வோல்ட்டும் பார்க்கலாம் என்பதால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள். யாழ் நகரில் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், வித்தியாசம் இருக்கும். வயரிங் தெரிந்த சொந்தக்காரர் இருந்தால் ஒரு நாளுக்கு இரவல் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. மல்டிமீற்றரின் சிவப்பு வயரை அம்பியர் துளையில் செருகியபடி பிளக் பொயின்றுக்குள் வைத்தால் அது நேரே ஷோர்ட் ஆகும், கையிலேயே வெடிக்கலாம். ஒவ்வொரு தரமும் வைக்கும் முன் துளையையும் திருகியையும் பாருங்கள். அடுத்தது, கிளாம்ப் மீற்றரால் ஒரு வயரை மட்டும்தான் கவ்வ வேண்டும். போகிற வயரையும் திரும்புகிற வயரையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும். வயர் பிரிந்து தெரிகிற இடம் சுவிட்ச் பெட்டிக்குள்தான் இருக்கும் என்பதால் அந்த அளவை எலக்ரீசியனைக் கொண்டு எடுப்பிக்கவும். பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

2. மனதில் வைக்க நான்கு கணக்கு

தடை = வோல்ட் ÷ அம்பியர். விடை ஓமில் வரும்.
வலு = வோல்ட் × அம்பியர். விடை வாட்டில் வரும்.
வலு = அம்பியர் × அம்பியர் × தடை.
வலு = வோல்ட் × வோல்ட் ÷ தடை.

கடைசி இரண்டும் முதல் இரண்டிலிருந்து வந்தவைதான். ஆனாலும் தனியாக எழுதி வையுங்கள். வயர் சூடாகிற கணக்குக்கு மூன்றாவதும், வோல்ட் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நான்காவதும் வேண்டும். இந்தியப் புத்தகங்களில் வலுவைத் 'திறன்' என்று எழுதுவார்கள்; இரண்டும் ஒன்றுதான்.

3. கேத்தலில் பழகுங்கள்

மோட்டரில் தொடங்க வேண்டாம். கேத்தல், அயன், ஹொட்பிளேற் போன்றவை வெறும் சூடாக்கிகள். கணக்கு அவற்றில் அப்படியே பொருந்தும்.

2,000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் 2,000 ÷ 230 = 8.7 அம்பியர் இழுக்கும். அதன் தடை 230 ÷ 8.7 = 26.4 ஓம். இந்தத் தடை பெரிதாக மாறாது. ஆகவே இரவு 7.30க்கு வோல்ட் 210க்கு இறங்கினால், 210 × 210 ÷ 26.4 = ஏறத்தாழ 1,670 வாட். வோல்ட் இறங்கியது 9 வீதம். வலு இறங்கியது 17 வீதம். ஒன்றரை லீற்றர் தண்ணி கொதிக்க 3 நிமிடம் 40 நொடி எடுத்தது இப்போது 4 நிமிடம் 24 நொடி எடுக்கும். பில் கூடாது, நேரம்தான் கூடும்.

பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டக்கால் பொயின்ற்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒரு மல்டிபிளக்கைச் செருகி 8.7 அம்பியர் கேத்தலைக் கொதிக்க வைக்கும் குசினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள். பிளக் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.2 ஓம் தடை வந்தாலே போதும்: 8.7 × 8.7 × 0.2 = 15 வாட். சின்ன சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பிளக் பழுப்பாகிக் கருகுவது இப்படித்தான்.

ஓம் மீற்றரை வைத்துத் தடை பார்ப்பவர்களுக்கு ஒன்று. பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60 = 882 ஓம். அணைத்து ஆறவிட்டு மீற்றரால் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இழை சூடானால் தடை பல மடங்கு ஏறும். பல்பும் பிழையில்லை, மீற்றரும் பிழையில்லை. ஓடும் நிலையில் உள்ள தடை வேண்டும் என்றால் ஓடும்போது வோல்ட்டையும் அம்பியரையும் எடுத்து வகுக்க வேண்டும்.

4. எதையும் தொடாமல் வலுவை அளப்பது

இந்த வழியை எனக்கு யாரும் முதலே சொல்லித்தரவில்லை என்பதுதான் என் கவலை. கருவி வேண்டாம், காசு வேண்டாம், பெட்டி திறக்க வேண்டாம்.

இலக்க மின்மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். எங்கள் மீற்றரில் 1,600. உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம், அதைப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். அதை 1,600ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 2,250 ஜூல்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். குளிர்சாதனப் பெட்டி, வைஃபை, சார்ஜர் எதையும் மறக்க வேண்டாம். அளக்க வேண்டியதை மட்டும் போடுங்கள். ஃபோனில் நேரம் வைத்து ஒரு மின்னலிலிருந்து தொடங்கி அடுத்த 10 மின்னலை எண்ணுங்கள். 22,500ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 2,000 வாட் என்று எழுதிய கேத்தலுக்கு 230 வோல்ட்டில் 11.25 நொடி வர வேண்டும். எங்கள் மோட்டருக்கு 18.8 நொடி வந்தது. 22,500 ÷ 18.8 = ஏறத்தாழ 1,200 வாட்.

பழைய சக்கர மீற்றர் என்றால் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று இருக்கும். கணக்கு அதேதான். மீற்றரின் சீலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம்.

5. வீட்டுக்கு வரும் கரண்டைச் சோதியுங்கள்

கிணத்தடிக்குப் போகுமுன் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிழை மின்கம்பத்தில் இருக்க, நீங்கள் வளவைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டுக்குத் தரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. மெயின் சுவிட்சுக்குக் கிட்ட உள்ள ஒரு பொயின்றில் மூன்று நேரம் பாருங்கள்: விடிய 5 மணி, மத்தியானம், இரவு 7.30. இரவு 6.30 முதல் 10.30 வரை எல்லா வீட்டிலும் பாவனை உச்சத்தில் இருக்கும் என்பதால் மூன்றாவது அளவு முக்கியம். அயலில் கூரைச் சூரியத்தகடு நிறைய இருந்தால் மத்தியானம் வோல்ட் ஏறியும் இருக்கும்.

அப்புறம் அதே இடத்தில் கேத்தலைப் போட்டுவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் போடாதபோது 229, போட்டபோது 226. வித்தியாசம் 3 வோல்ட், ஓட்டம் 8.6 அம்பியர், 3 ÷ 8.6 = 0.35 ஓம். வெளியிலிருந்து வீடுவரை கரண்ட் வரும் வழி முழுக்க உள்ள தடை அது. பரவாயில்லை.

ஒரு கேத்தலுக்கே 8, 10 வோல்ட் இறங்கினாலோ, ஒரு பல்பு மங்கி இன்னொன்று கூடப் பிரகாசித்தாலோ, வெளி வயரில் எங்கோ மூட்டுத் தளர்ந்திருக்கிறது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் தளர்வது மிக ஆபத்தானது. அது உங்கள் வேலையில்லை; மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். கணக்கு இலக்கம், திகதி, நேரம், அளவு நான்கையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "வோல்ட் குறைவு" என்று பொதுவாகச் சொல்வதற்கும் "மூன்று நாளாக இரவு 7.30க்கு 205" என்று சொல்வதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

6. கிணத்தடி வயரின் தடையைக் கண்டுபிடிப்பது

எனக்கு மோட்டர் இரண்டு தரம் எரியக் காரணமான இடம் இது.

வயரில் ஓட்டம் இல்லாதபோது வோல்ட் இறங்காது. எவ்வளவு மெல்லிய வயரானாலும் மறுமுனையில் 229 காட்டும். முதல் எலக்ரீசியன் மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார். தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீளப் பைப்பின் வாயைப் பொத்திப் பிடித்தால் அமுக்கம் நன்றாகத்தான் இருக்கும்; திறந்தால்தான் தெரியும் ஒடுக்கம் எங்கே என்று.

ஆகவே சுமை வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டரையே சுமையாக வைக்கலாம் என்று தோன்றும், ஆனால் அதில் வோல்ட்டும் ஓட்டமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்காது. தடை குறைவாகக் காட்டும். கேத்தலைக் கிணத்தடிக்குக் கொண்டுபோங்கள். நிலம் காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு வேண்டும், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று முதலே பார்த்திருக்க வேண்டும். விழாவிட்டால் இந்த வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு அதை மாற்றுங்கள்.

ஒருவர் வீட்டில், ஒருவர் கிணத்தடியில், ஃபோனில் பேசியபடி ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். எங்களுக்கு வந்தது: வீட்டில் 226, கிணத்தடியில் 208. ஓட்டம் 7.9 அம்பியர். கிளாம்ப் இல்லாவிட்டாலும் 208 ÷ 26.4 = 7.9 என்று வந்துவிடும்.

வயரில் இழந்தது 18 வோல்ட். தடை 18 ÷ 7.9 = 2.28 ஓம். வயருக்குள் வீணாகச் சூடாவது 18 × 7.9 = 142 வாட்.

இப்போது ஒத்துப் பாருங்கள். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை ஒரு கிலோமீற்றருக்கு 18.1 ஓம். 60 மீற்றர் தூரத்துக்கு வயர் நீளம் 120 மீற்றர். போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இந்த இரட்டிப்பை மறப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. 0.12 × 18.1 = 2.17 ஓம். மிச்சம் 0.11 நடுவில் டேப் சுற்றியிருந்த இரண்டு மூட்டுக்களில். கிண்டிப் பார்த்தோம், ஒன்று பச்சை பிடித்திருந்தது. ஒன்றே முக்கால் குதிரைவலு மோட்டர் ஒன்றைக்கூடத் தாங்கும் என்று சொல்லி எங்களுக்குப் போடப்பட்டிருந்தது விளக்குக்குப் போடும் வயர்.

7. மோட்டருக்குக் கணக்கு வேறு

மோட்டரின் சுற்றை ஓம் மீற்றரால் பார்த்தால் இரண்டு மூன்று ஓம்தான் காட்டும். 230 ÷ 3 = 77 அம்பியர் என்று பயப்பட வேண்டாம். சுழலும்போது சுருள்களுக்குள் எதிர் அழுத்தம் உண்டாகி ஓட்டத்தைக் குறைக்கிறது.

வலுவும் அப்படியே. எங்கள் மோட்டரின் தகட்டில் 6.2 அம்பியர். 230 × 6.2 = 1,426. மீற்றர் விளக்குச் சொன்னது 1,200. 1,200 ÷ 1,426 = 0.84; இதை வலுக்காரணி என்பார்கள். பில் வருவது 1,200க்குத்தான், வயர் தாங்க வேண்டியது 6.2 அம்பியரை. ஒரு குதிரைவலு 746 வாட் என்கிறார்களே என்றால், அது தண்டில் கிடைக்கும் வலு. உள்ளே போவது எப்போதும் கூட.

கேத்தலுக்கு வோல்ட் குறைந்தால் ஓட்டமும் குறையும். சுமையோடு ஓடும் மோட்டர் அப்படியில்லை: அதே தண்ணியைத் தூக்க வேண்டியிருப்பதால் வோல்ட் குறையக் குறையக் கூட இழுக்கும். ஓட்டம் 10 வீதம் கூடினால் சுருளின் சூடு 21 வீதம் கூடும். மோட்டர் மெல்ல வெந்து சாகிற வழி இது.

தொடங்கும் கணம் இன்னும் மோசம். தொடங்கும்போது ஓட்டம் ஐந்து மடங்கு என்று வைத்தால் 31 அம்பியர்; அந்தக் கணம் மோட்டர் 230 ÷ 31 = 7.4 ஓம் போல நிற்கிறது. வயரின் 2.28ஐக் கூட்டினால் 9.7. 226 ÷ 9.7 = 23 அம்பியர். வயரில் போவது 53 வோல்ட், மோட்டருக்குக் கிடைப்பது 173. இது தோராயம்தான், ஆனால் சுழற்றும் விசை வோல்ட்டின் வர்க்கப்படி குறையும் என்பதால் பாதியைச் சற்றுத் தாண்டிய விசைதான் மிஞ்சும். இரவில் வீட்டிலேயே 210 என்றால் இன்னும் குறையும். "உம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கும் அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மோட்டரைத் தொடக்கிவிட உதவும் கப்பாசிற்றர் போய்விட்டது என்று மாற்றிக்கொண்டே இருந்தோம், நாங்கள் கேட்டதும் அதே சத்தம்தான்.

8. எந்த வயர் போடுவது

கடையில் 7/0.67 என்று கேட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்றால் 4. இலக்கம் சொல்வது ஏழு கம்பி, ஒவ்வொன்றின் விட்டம். கிலோமீற்றருக்குத் தடை முறையே 7.41, 4.61 ஓம்.

எங்கள் 120 மீற்றருக்கு 7/0.67 என்றால் 0.89 ஓம்; தொடங்கும்போது மோட்டருக்கு 202 வோல்ட் கிடைக்கும். 7/0.85 என்றால் 0.55 ஓம், 210 கிடைக்கும். பகலில் மட்டும் இறைக்கிறவர்களுக்கு முதலாவது போதும். எங்களுக்கு இரவில் வோல்ட் இறங்குகிறது, ஆகவே இரண்டாவதைப் போட்டோம். உங்கள் தூரத்தை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். 20 மீற்றருக்கு 7/0.85 போடுவது காசுக்கு நட்டம்.

9. செலவும் நாளும்

பில் குறையும் என்று எதிர்பார்த்து வயர் மாற்ற வேண்டாம். 6.2 அம்பியரில் பழைய வயர் 88 வாட் தின்றது, புதியது 21 வாட். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு மிச்சம் 4 யூனிட்தான். மோட்டரே மாதம் 72 யூனிட் எடுக்கிறது. உங்கள் யூனிட் விலையைப் பில்லிலிருந்து எடுத்துப் பெருக்குங்கள். கணக்குக்கு 50 ரூபா என்று வைத்தால் 3,600. ஆனால் வீட்டுப் பாவனைக்கு யூனிட் ஏற ஏறப் படிப்படியாக விலையும் கூடும், விலையும் அடிக்கடி மாறுகிறது, ஆகவே கடைசி பில்லையே பாருங்கள். வயர் மாற்றுவதன் லாபம் மோட்டர் எரியாமல் இருப்பது. இரண்டு தரம் சுற்றக் கொடுத்ததைக் கூட்டினால் புது வயர் விலையில் பெரும்பகுதி வந்துவிடும் எனக்கு.

அளவெடுக்க ஒரு பின்னேரம். கிண்டி, பைப்புக்குள் வயரை இழுத்து மூட ஒன்றரை நாள் போனது. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். நிலம் நனைந்தபின் கிண்டினால் குழிக்குள் தண்ணி நிற்கும். நடுவில் மூட்டு வைக்காமல் ஒரே துண்டாக வாங்குங்கள். நீளத்தை அளந்து, இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் கூட்டிச் சொல்லுங்கள். கடைப் பற்றுச்சீட்டில் வயர் இலக்கமும் நீளமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் ஆளுக்குக் காசு கொடுக்க முதல் கேத்தல் சோதனையை அவருக்கு முன்னாலேயே மீண்டும் செய்யுங்கள்.

நாங்கள் செய்தபோது வீட்டில் 226, கிணத்தடியில் 221. இரண்டு எண்ணையும் திகதியோடு எழுதி மோட்டர் சுவிட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறேன். மாரி முடிந்ததும் தை மாதத்தில் திரும்ப அளப்பேன். வித்தியாசம் 5 வோல்ட்டைத் தாண்டியிருந்தால் எலக்ரீசியனைக் கொண்டு முதலில் திறந்து பார்ப்பிப்பது அந்தப் பெட்டிக்குள் உள்ள ஸ்க்ரூக்களை.